மடுவுக்குப் போன மடக்குச் சைக்கிள்

மார்கிரட்: மொதல்ல அந்தச் சாக்க எறக்கி வைங்க. இரும்ப முதுகுல வச்சுக்கிட்டேவா கதை சொல்லுவீங்க?

இக்னேசியஸ்: எறக்குறேன் புள்ள… அப்பாடா! எங்க, மொகத்தக் காட்டு. நல்லா இருக்கியா?

மார்கிரட்: எனக்கு என்ன கேடு? நீங்க போன அன்னிக்கு எப்படி இருந்தேனோ அப்படித்தான்.

இக்னேசியஸ்: வயிறு எறங்கின மாதிரி தெரியுது…

வேலாயி: மருத்துவம் பாக்க நான் இருக்கேன். நீ எதுக்கு இன்னாசி வயித்த ஆராயுற?

இக்னேசியஸ்: ஆத்தாடி! வேலாயிக்கா பக்கத்துக் காம்பராவுலயா இருக்காங்க? லயமே வேலைக்குப் போயிருச்சுன்னு நெனச்சேன்.

வேலாயி: செவுத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்கேன். செவுரு கூரை வரைக்குமா போவுது, நீ பேசுறது கேக்காம இருக்க?

இக்னேசியஸ்: ஏன், காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போகலயா?

வேலாயி: முட்டிவலி. கணக்கப்பிள்ளை கத்துவாரு, கத்தட்டும். ஏன்டா, மடு மாதா கோயில் வரைக்கும் சைக்கிள்ல போன மனுசன், ரோட்டுலயிருந்து லயத்துக்கு அதுல ஏறி வரக் கூடாதா? கழுதை மாதிரி சாக்குல தூக்கிட்டு வந்திருக்க?

இக்னேசியஸ்: ஏறி வந்தா வேலை வாங்குற கண்டாக்கையா சும்மா விடுவாரா? துரை வந்தா குடையவே சுருக்கிக்கிட்டு ஓரமா நிக்கிறவங்க நாம. நம்ம ஆளு சைக்கிள் மேல குந்திப் போனா தோட்டம் தாங்குமாக்கா?

வேலாயி: அதான் மடக்குறதா வாங்கினியாக்கும்.

இக்னேசியஸ்: பின்ன? தோட்டத்துக்குள்ள இது மூட்டை. ரோட்டுக்கு எறங்கிட்டா சைக்கிளு. இப்பக்கூடத் தேயிலை ஸ்டோர் முக்குல மறிச்சாரு. சாக்குல என்னடான்னாரு. கோயில் சாமான்னேன். தொட்டுப் பாத்துட்டுப் போயிட்டாரு.

மார்கிரட்: தேத்தண்ணி அடுப்போரம் இருக்கு. ஊத்திக்கங்க.

இக்னேசியஸ்: நானேயா? ஒத்தையில இம்புட்டுத் தூரம் போயிட்டு வந்திருக்கேன். வீட்டுக்காரி ஒரு கோப்பை ஊத்தித் தர மாட்டியா?

மார்கிரட்: குனிஞ்சா நிமிர முடியலைங்க. ஊத்திக்கங்க. எனக்கும் அரைக் கோப்பை.

இக்னேசியஸ்: இந்தா… சூடா இருக்கு, பாத்து. ஆமா, உத்தரத்துல அது என்ன புதுசாக் கயிறு?

மார்கிரட்: துணி காயப் போட. விடாம மழை. வெளிய எங்க காயுது?

இக்னேசியஸ்: அதுல துணியக் காணோமே. நீதான் புடிச்சுத் தொங்கிக்கிட்டு நிக்கிற.

மார்கிரட்: புடிச்சுக்கிட்டு நின்னா முதுகுக்கு எதமா இருக்கு. …அத விடுங்க. கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க. எந்த வண்டியிலயும் ஏறலயே?

இக்னேசியஸ்: உள்ள கால் வைக்கிறதுக்குள்ள இதே கேள்விய எத்தனை தடவ…

மார்கிரட்: நேர்த்தி வச்சப்ப மாதாகிட்ட என்ன சொன்னீங்க?

இக்னேசியஸ்: உனக்குத் தெரியாதா?

மார்கிரட்: உங்க வாயால கேக்கணும்.

இக்னேசியஸ்: தனியா வாறேன். ஏங் காலால மிதிச்சு வாறேன். பஸ்ஸு, லாரி, ரயிலு எதுலயும் ஏற மாட்டேன். வந்து உன் காலடியில விழுகிறேன் தாயே, இந்தப் புள்ளையயாவது எங்களுக்கு விட்டு வையின்னு…

மார்கிரட்: ம்.

வேலாயி: மத்த ரெண்டையும் எடுத்துக்கிட்டியே, பத்தாதான்னும் கேட்டிருக்கணும்.

மார்கிரட்: அக்கா!

வேலாயி: என்னடி அக்கா? நான் மாரியாத்தாகிட்ட அப்படித்தான் பேசுவேன். உங்க மாதாகிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியாது.

இக்னேசியஸ்: எனக்கும்தான்க்கா தெரியல. மண்டி போட்டா வார்த்தை வர மாட்டேங்குது. அதான் மிதிச்சாவது காட்டலாம்னு…

மார்கிரட்: சரி, மொதல்லருந்து சொல்லுங்க. ஒரு எடத்தையும் விடாம.

இக்னேசியஸ்: கொஞ்சம் காலை நீட்டிப் படுத்துட்டுச் சொல்றேனே.

மார்கிரட்: படுக்க வேணாம். இப்பவே சொல்லுங்க. வட்டவளை ரோட்டுக்கு எறங்கினீங்க. அப்புறம்?

இக்னேசியஸ்: நல்ல ஆளுய்யா… அப்புறம் கினிகத்தேனை எறக்கம். மழை. பிரேக்குக் கட்டை ரெண்டும் தேஞ்சு, ரப்பர் கருகுற நாத்தம் வருது. சைக்கிளு என் பேச்சக் கேக்கல. மாதாவே மாதாவேன்னு கத்திக்கிட்டே போறேன். எதிர்ல ஒரு லாரி. கடைசியில காலத் தரையில தேச்சுத்தான் நிறுத்தினேன்.

மார்கிரட்: காலக் காட்டுங்க.

இக்னேசியஸ்: குதிகால்ல தோலு கொஞ்சம் போச்சு. அவ்வளவுதான்.

மார்கிரட்: கொஞ்சமா இது? சீ… எண்ணெய் கூடப் போடலயா?

இக்னேசியஸ்: சைக்கிளுக்குப் போட்ட எண்ணெயத்தான் போட்டேன்.

வேலாயி: ரெண்டும் ஒண்ணுதானடா உனக்கு. சண்டைக்கால இரும்ப முப்பது தடவ தொடைப்ப. பொண்டாட்டி துணிய ஒரு தடவ துவைச்சிருப்பியா?

இக்னேசியஸ்: சும்மா இரும்புன்னு சொல்லாதீங்கக்கா. வெள்ளைக்காரப் பட்டாளத்தான் இத முதுகுல கட்டிக்கிட்டு ஏரோப்பிளேன்லயிருந்து குதிப்பானாம். கண்டியில பழைய சாமான் கடைக்காரரு சொன்னாரு.

வேலாயி: குதிச்சவன் இருக்கானா, செத்தானா?

இக்னேசியஸ்: அத அவரு சொல்லல.

மார்கிரட்: அய்யோ… சிரிக்க வைக்காதீங்க… ம்ம்…

இக்னேசியஸ்: என்ன புள்ள?

மார்கிரட்: ஒண்ணும் இல்ல. உதைக்கிறான்… சொல்லுங்க. கண்டி தாண்டிட்டீங்களா?

இக்னேசியஸ்: கண்டி தாண்டி மாத்தளை. மாதா கோயில் வாசல்ல படுக்கச் சொன்னாரு கோயில் பிள்ளை. சைக்கிள மடிச்சுத் தலைமாட்டுல வச்சு, களவு போயிரக் கூடாதுன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கினேன்.

வேலாயி: கேட்டியாடி? பொண்டாட்டிய இங்க விட்டுட்டு இரும்பக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கான்.

மார்கிரட்: பொழச்சுப் போகட்டும்க்கா. இரும்பு எதுத்துப் பேசாதுல்ல.

இக்னேசியஸ்: கொறட்டைக்கும் திட்டாது.

வேலாயி: மார்கிரட்டு… எப்படி இருக்கு?

மார்கிரட்: இருக்குக்கா. கதை இப்பத்தான் மாத்தளைக்கு வந்திருக்கு.

வேலாயி: கதையவா கேட்டேன்… சரி, சரி.

இக்னேசியஸ்: என்னக்கா?

வேலாயி: ஒண்ணுமில்ல. ஒலை வச்சிருக்கேன். நீ சொல்லு.

இக்னேசியஸ்: இனிமேதான் கூத்து. நாவுலைக்கிட்ட நல்ல ரோடு. மேடு எறங்கி, மேடு எறங்கி… வெயிலு. பின்னாலயிருந்து காத்து தள்ளுது. நானும் ஒரு பாட்ட எடுத்து விட்டேன். இந்தச் சைக்கிளுக்கு நடுவுல ரெண்டு நட்டு இருக்குல்ல, கையால திருகி மடிக்கிறது? அதுல ஒண்ணு எங்கயோ விழுந்திருக்கு. நான் பாக்கல.

மார்கிரட்: அய்யோ!

இக்னேசியஸ்: ஓடிக்கிட்டு இருக்கும்போதே மடிஞ்சிருச்சு புள்ள! முன் சக்கரம் என்னயத் திரும்பிப் பாக்குது. நான் பின் சக்கரத்தப் பாக்குறேன். அப்படியே ஒரு தேங்கா மட்டை குவியலுக்குள்ள போயி விழுந்தேன்.

மார்கிரட்: அடி பட்டுச்சா?

இக்னேசியஸ்: மட்டைக்குத்தான் அடி. எதிர்ல ஒரு கடை. முதலாளி ஓடி வாறாரு. சைக்கிளப் பாத்துட்டுத் தலையில கை வச்சுட்டாரு. "ஐயோ மல்லி, பைசிக்கலே கெடுணாத?"ங்கிறாரு.

வேலாயி: தம்பி, சைக்கிளு ஒடிஞ்சு போச்சான்னு சிங்களத்துல கேட்டிருக்காரு.

இக்னேசியஸ்: ஆமா. ஒடியல முதலாளி, இது மடியிற சைக்கிளுன்னு மடிச்சு மடிச்சு விரிச்சுக் காட்டினேன். கடையில இருந்த சனமெல்லாம் கூடிருச்சு. நாலு பேரு மடிச்சுப் பாத்தாங்க. ஒருத்தரு வெரல நசுக்கிக்கிட்டாரு. கடைசியில ஒரு கம்பிய முறுக்கிக் கட்டிக் குடுத்து, தேத்தண்ணியும் பணிஸ் ரொட்டியும் குடுத்து… எங்க போறேன்னு கேட்டாரு. சொன்னேன். எதுக்குன்னாரு. அதயும் சொன்னேன்.

மார்கிரட்: எல்லாத்தயுமா?

இக்னேசியஸ்: எல்லாத்தயும். என்னமோ தெரியல, நம்ம பாஷை இல்லாத ஆளுகிட்டச் சொல்ல வாய் வந்துச்சு. ரெண்டு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தோம், இது மூணாவதுன்னு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல சொன்னேன். அந்த மனுசன் பேசாம உள்ள போயி இதக் கொண்டாந்து குடுத்தாரு. அவங்க புத்தர் கோயில் பன்சலையில பிரித் மந்திரம் ஓதின நூலாம். அவரு வீட்டுக்காரிக்கும் மாசமா இருந்தப்ப கட்டினதாம்.

மார்கிரட்: கட்டி விடுங்க.

இக்னேசியஸ்: சாமியாரு ஏதும் சொல்ல மாட்டாரா?

மார்கிரட்: சாமியாரா பெத்துக்கப் போறாரு? கட்டுங்க. …ம்ம்ம்…

இக்னேசியஸ்: ஏ, ஏ! என் கைய ஏன் நசுக்குற? கொழுந்து கிள்ளுற கையா, இல்ல கொழுந்த நசுக்குற ஸ்டோர் ரோலரா இது?

மார்கிரட்: …

இக்னேசியஸ்: புள்ள?

மார்கிரட்: …கைய விடல, பாத்துக்கங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும். சொல்லுங்க, நிறுத்தாதீங்க.

இக்னேசியஸ்: ஏன் கண்ண மூடிக்கிட்ட?

மார்கிரட்: மூடிக்கிட்டாத்தான் ரோடு தெரியுது. நாவுலைக்கு அப்புறம்?

இக்னேசியஸ்: தம்புள்ளை. அங்கருந்து வெயிலுன்னா வெயிலு இல்ல புள்ள. நம்மள மாதிரி ஆளுங்க அங்க பொறந்திருந்தா பொறந்த அன்னிக்கே கருவாடு. தார் ரோடு ஒட்டுது. கெணத்துத் தண்ணி குடிச்சா நாக்கு தடிச்சுப் போகுது. நம்ம மழையில ஒரு கூடை அள்ளிக்கிட்டுப் போயிருக்கலாம்னு நெனச்சேன்.

மார்கிரட்: ஆனை?

இக்னேசியஸ்: ஆனையப் பாக்கல. ஆனை போட்டதப் பாத்தேன். நடு ரோட்டுல. ஆவி பறக்குது.

வேலாயி: அப்ப இப்பத்தான் போட்டிருக்கு.

இக்னேசியஸ்: அதேதான் நானும் நெனச்சேன்! அதுக்கப்புறம் ஒரு மிதி மிதிச்சேன் பாருங்க. அந்த மிதி மிதிச்சா யாழ்ப்பாணத்துக்கே போயிருக்கலாம்.

மார்கிரட்: அய்யோ… வலிக்குதுங்க, சிரிக்க… சரி, அப்புறம்?

இக்னேசியஸ்: அப்புறம் மதவாச்சி. அப்புறம் மடு.

மார்கிரட்: அம்புட்டுத்தானா?

இக்னேசியஸ்: அம்புட்டுத்தான்.

மார்கிரட்: கினிகத்தேனை எறக்கத்துக்கே அரைமணி நேரம் சொன்னீங்க. மதவாச்சியிலருந்து மடுவுக்கு ஒரே வார்த்தையா?

இக்னேசியஸ்: காடுதானே புள்ள. காட்டுல என்ன இருக்கு சொல்ல?

மார்கிரட்: கோயிலச் சொல்லுங்க, கோயிலாவது.

இக்னேசியஸ்: கோயிலு… பெரிய கோயிலு. சனமுன்னா சனம். மாட்டு வண்டியும் லாரியும்… எல்லாப் பக்கமும் குடிலு போட்டு, சோறாக்கிக்கிட்டு, செபம் சொல்லிக்கிட்டு…

மார்கிரட்: ம்.

இக்னேசியஸ்: தூரத்துலயிருந்தே தெரிஞ்சுச்சு. மேட்டு மேல வெள்ளையா…

மார்கிரட்: மேட்டு மேலயா?

இக்னேசியஸ்: ஆமா. கடைசி ஏத்தம் மிதிக்கவே முடியல. எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போனேன். நம்ம தோட்டத்து உச்சிக்குப் போற மேக்கணக்கு ரோடு இருக்குல்ல, அது மாதிரி. ஏறி நின்னு திரும்பிப் பாத்தா கீழ ஊரெல்லாம் சின்னதாத் தெரியுது. அந்தக் களைப்புக்குக் காத்து ஜில்லுன்னு…

மார்கிரட்: ஜில்லுன்னு?

இக்னேசியஸ்: ஜில்லுன்னு.

மார்கிரட்: மடுவுல.

இக்னேசியஸ்: மடுவுலதான். ஏன் அப்படிப் பாக்குற?

மார்கிரட்: எங்கய்யா என்னைய மடுவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காருங்க. மொட்டை அடிக்க. எனக்கு எட்டு வயசு.

இக்னேசியஸ்: நீ சொன்னதே இல்லயே!

மார்கிரட்: நீங்க கேட்டதே இல்லயே. அங்க மேடு இல்லைங்க. கொழுந்துக் கூடையக் கவுத்து வச்சா அதுதான் அந்த ஊர்ல மேடு. காட்டுக்குள்ள பலகை போட்ட மாதிரி தரை. இங்கருந்து போன நாங்க, எங்கடா மலைன்னு தேடிக்கிட்டு நின்னோம்.

இக்னேசியஸ்: அது… அப்ப. இப்ப கோயிலச் சுத்தி மண்ணு போட்டு ஒசத்தியிருக்காங்க.

மார்கிரட்: மேக்கணக்கு அளவுக்கா?

வேலாயி: மலையில பொறந்தவனுக்குச் சாமின்னா மேலதான் இருக்கணும். பொய்யக்கூட ஏறி நின்னுதான் சொல்றான் பாரு.

இக்னேசியஸ்: நீங்க சும்மா இருங்கக்கா! களைச்சுப் போனவனுக்குச் சமதரையும் ஏத்தம் மாதிரித்தான் தெரியும்.

மார்கிரட்: சரி விடுங்க. மேடோ பள்ளமோ. வயித்துல பூசக் கோயில் மண்ணு கொண்டு வந்தீங்களா?

இக்னேசியஸ்: மண்ணா? ஆங்… கொண்டாந்தேன். லேஞ்சியில முடிஞ்சு வச்சிருக்கேன். இந்தா.

மார்கிரட்: என்கிட்ட எதுக்குக் குடுக்குறீங்க? நேர்த்தி உங்களுது. நீங்கதான் பூசணும். அவுத்து, வயித்துல பூசுங்க.

இக்னேசியஸ்: இப்பவா?

மார்கிரட்: இப்பத்தான்.

இக்னேசியஸ்: குளிச்சுட்டு வந்து… சுத்த பத்தமா…

மார்கிரட்: மாதா உங்கள அழுக்கோட பாத்தவங்கதானே. பூசுங்க.

இக்னேசியஸ்: சாயந்தரம் செபம் சொல்லிட்டு…

மார்கிரட்: சாயந்தரம் வரைக்கும் ஆகாதுங்க. பூசுங்க. …என்ன, லேஞ்சியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

இக்னேசியஸ்: என்னால முடியாது புள்ள.

மார்கிரட்: ஏன்?

இக்னேசியஸ்: இத உன் வயித்துல பூச என்னால முடியாது. வேற என்ன பொய் வேணுமின்னாலும் சொல்லிருவேன். இது… புள்ளை மேல…

மார்கிரட்: சொல்லுங்க.

இக்னேசியஸ்: இது மடு மண்ணு இல்ல.

மார்கிரட்: எந்த மண்ணு?

இக்னேசியஸ்: மதவாச்சி டேசன் வாசல்ல அள்ளினது.

வேலாயி: அடப் பாவி!

மார்கிரட்: அக்கா, நீங்க பேசாம இருங்க. …டேசனா?

இக்னேசியஸ்: ஆமா. ரயிலேறித்தான் வந்தேன். மதவாச்சியோட திரும்பிட்டேன். மடுவப் பாக்கல. கோயிலப் பாக்கல. மாதாவப் பாக்கல. போதுமா? சைக்கிள மடிச்சேன், சாக்குல போட்டேன், சீட்டுக்கு அடியில தள்ளினேன். மாகோவுல மாறி, பொல்காவலையில மாறி, இன்னிக்குக் காலையில வட்டவளையில எறங்கி… திரும்புறப்ப ஒரு மைலு மிதிக்கல. நேர்த்திய முறிச்சுட்டேன்.

மார்கிரட்: கால் முடியலயா?

இக்னேசியஸ்: கால் நல்லாத்தான் இருந்துச்சு.

மார்கிரட்: பின்ன? காய்ச்சலா?

இக்னேசியஸ்: அதுவும் இல்ல. மதவாச்சியில ரோடு ரெண்டாப் பிரியுது புள்ள. ஒண்ணு யாழ்ப்பாணம். ஒண்ணு மன்னாரு. மன்னார் ரோட்டுல வண்டி வண்டியா மடுவுக்குச் சனம் போகுது. வாங்க தம்பி, கூடவே வாங்கன்னு கூப்புடுறாங்க. நானும் முன் சக்கரத்தத் திருப்பிட்டேன். பக்கத்துல ஒரு நெல்லு மில்லு. மத்தியானச் சங்கு ஊதிச்சு… நம்ம ஸ்டோர் சங்கு மாதிரியே. அதே சத்தம்.

மார்கிரட்: சொல்லுங்க.

இக்னேசியஸ்: உனக்குத் தெரியுமே, ரெண்டாவது புள்ளை பொறந்தப்ப நான் எங்க இருந்தேன்னு. ரோலருக்குக் கொழுந்து அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தேன். பாட்டுப் பாடிக்கிட்டு. சங்கு ஊதி வேலை முடிஞ்சப்புறம்தான் கங்காணி வந்து தோள்ல கை வச்சாரு. இன்னாசி, காலையிலயே எல்லாம் முடிஞ்சு போச்சு, ரோலர் நின்னுரக் கூடாதுன்னுதான் சொல்லலன்னாரு. நீ இங்க அத மடியில போட்டுக்கிட்டு… நான் அங்க பாடிக்கிட்டு…

மார்கிரட்: இத எங்கிட்டச் சொன்னதில்லயே, பாடினத.

இக்னேசியஸ்: எப்படிச் சொல்றது? …அந்த மில்லுச் சங்கக் கேட்டதும் காலு மிதிக்க மாட்டேங்குது. நான் இந்தக் காட்டுக்குள்ள நேர்த்தி நேர்த்தின்னு போயிக்கிட்டு இருக்கேன், அங்க யாராவது சொல்லாம வச்சிருந்தா? நான் போயி எறங்குற அன்னிக்கு லயத்துல எல்லாரும் மொகத்தத் திருப்பிக்கிட்டா? மாதாவாவது ஒண்ணாவது, வீட்டுக்குப் போடான்னு… அப்படித்தான் புள்ள தோணுச்சு. பாவம்தான். தோணுச்சு.

வேலாயி: பாவம் என்னடா பாவம்…

இக்னேசியஸ்: நீ நல்லா இருக்கிறதப் பாத்ததும் தெம்பு வந்துருச்சு. பொய்யச் சொல்லியாவது உன் மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நெனச்சேன். அந்த மேட்டக் கொண்டு வந்து வச்சு நானே கவுந்துட்டேன்.

மார்கிரட்: ரயில்ல வந்ததா… எனக்கு வாசல்லயே தெரியும்ங்க.

இக்னேசியஸ்: எப்படி?

மார்கிரட்: சட்டையெல்லாம் இஞ்சின் கரி. சைக்கிளு எப்ப கரி தின்னுச்சு?

இக்னேசியஸ்: தெரிஞ்சுக்கிட்டேயா என்னைய அம்புட்டையும் சொல்ல வச்ச?

மார்கிரட்: நல்லா இருந்துச்சே. கேக்க.

இக்னேசியஸ்: உனக்கு வெளையாட்டா இருக்கு. நாளைக்கு இதுக்கும் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா… நான் பாதியில திரும்பினதாலதான்னு…

மார்கிரட்: மாதா என்ன நம்ம கண்டாக்கையாவா? நேரம் பிந்துனா அன்னிக்குச் சம்பளத்துக்குப் பேரப் போடாம வெரட்டுறதுக்கு? மதவாச்சி வரைக்கும் மிதிச்சிருக்கீங்க. அதுக்கு அரைப் பேராவது போட மாட்டாங்களா?

வேலாயி: போடுவா, போடுவா. அவளும் புள்ளை பெத்தவதானே.

இக்னேசியஸ்: நீ கோவப்படுவன்னு நெனச்சேன்.

மார்கிரட்: இன்னொண்ணு சொல்லவா? நேர்த்தி வச்சது நீங்க. நான் என்ன வேண்டிக்கிட்டேன்னு நீங்க கேக்கவே இல்ல.

இக்னேசியஸ்: என்ன வேண்டிக்கிட்ட?

மார்கிரட்: நீங்க கெளம்பின அன்னிக்கே மண்டி போட்டேன். தாயே, அந்த மனுசன் புடிச்ச புடியில நிக்கிறாரு, சொன்னாக் கேக்க மாட்டாரு. எங்கயாவது ஒரு முக்குல நிறுத்தி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிருன்னு.

இக்னேசியஸ்: அடிப் பாவி! நான் அங்க கால் தேய மிதிக்கிறேன். நீ இங்கருந்து பின்னால இழுத்துக்கிட்டு இருந்திருக்க?

மார்கிரட்: இழுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

வேலாயி: ரெண்டு பேரும் சேந்து அந்தம்மாவப் பாடாப் படுத்தியிருக்கீங்க. யாரு சொல்றதக் கேப்பா அவ?

இக்னேசியஸ்: போகட்டும். புள்ளை பொறக்கட்டும். தூக்கிக்கிட்டு மூணு பேருமாப் போவோம். இந்தத் தடவ ரயில்லயே போவோம். சைக்கிளு… சைக்கிளு வேணாம்.

மார்கிரட்: ஏன், அதயும் தூக்கிக்கங்க. மடிச்சா மூட்டைதானே… ம்ம்ம்… அம்மா…

இக்னேசியஸ்: மார்கிரட்டு! என்ன, வேர்த்து ஊத்துது உனக்கு? வெளிய மழை பெய்யுது, நீ வேர்த்து நிக்கிற!

வேலாயி: மார்கிரட்டு, போதும்டி. நீ சொன்னேன்னு நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். வென்னி கொதிச்சு வத்திப் போச்சு. இனி நான் வந்துருவேன். அவனக் கதவத் தொறக்கச் சொல்லு.

இக்னேசியஸ்: வென்னியா? என்ன வென்னி? ஏய், ரெண்டு பேரும் எங்கிட்ட என்னத்த மறைக்கிறீங்க?

மார்கிரட்: கோவிச்சுக்காதீங்க… காலையில பெரட்டுத் தப்பு அடிக்கும்போதே வலி தொடங்கிருச்சு. சொன்னா அந்த நிமிசமே வேலாயிக்கா உங்களத் தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்கு வெரட்டியிருப்பாங்க, ஆம்பளை உள்ள நிக்கக் கூடாதுன்னு. ரெண்டு தடவயும் இந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டே கெடந்தேங்க… ஒங்க கொரலு இல்லாம. இந்தத் தடவயாவது முடிஞ்ச மட்டும் கேட்டுக்கிட்டே தாங்கிருவோம்னு… இனி முடியல. போங்க, அக்காவுக்குக் கதவத் தொறந்து விட்டுட்டு வெளிய நில்லுங்க. பீலிக்கரைக்குப் போகாதீங்க, இந்தச் செவுத்தோரமா நில்லுங்க… நின்னுக்கிட்டு, சத்தமா ஏதாச்சும் பாடுங்க.